அவள் விட்டதும் நான் விட்டதும்

எழுதி முடித்த கதையைப் பற்றி அதன் ஆசிரியனே பேசுவது அசிங்கம். முடிக்காத கதையைப் பற்றிப் பேசுவது அதைவிடச் சௌகரியமான அசிங்கம். கதையை எடுத்துப் பார்த்து இவன் சொல்வது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. இருந்தும் இதை எழுதுகிறேன். அந்தக் கதையை முடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் கைத்திறன் போதாமை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

விஷயம் சின்னது. 1987 குளிர்காலத்தில், இங்கிலாந்தின் வடக்கே பிராட்ஃபோர்டு நகரில், மானிங்ஹாம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும். மகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். பள்ளிச் சீருடை. தாய் சல்வார் கமீஸுக்கு மேல் ஆண்கள் போடும் கனத்த கோட்டு ஒன்றைப் போட்டிருந்தாள். கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர், பொறுமைசாலி. மருந்துச்சீட்டைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மகள் அதைத் தாயிடம் சொன்னாள். தாய் பேச ஆரம்பித்தாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினாள். கை முழங்காலைத் தொட்டது, பிறகு மார்பை, பிறகு தெருப்பக்கம் எதையோ காட்டியது. குரல் ஓரிடத்தில் இறங்கி மறுபடி ஏறியது. மகள் முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நான்கைந்து வார்த்தை சொன்னாள். தாழ்ந்த குரல், அந்த ஊர் உச்சரிப்பு. எனக்கு அந்த வார்த்தைகளும் சரியாக விழவில்லை. கடைக்காரர் தலையாட்டிவிட்டு மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

அந்த ஒரு நிமிஷத்துக்கும் நான்கைந்து வார்த்தைக்கும் நடுவே காணாமல் போனது என்ன? கதை அங்கேதான் இருக்கிறது என்று, பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கெட்ட புத்தி உண்டு. அடுத்தவர் வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டால், உள்ளே யாருக்காவது காயமா என்று கேட்பதற்கு முன், என்ன பாத்திரம் என்று யோசிப்பான்.

முதல் பிரதியில் அந்தத் தாய் சொன்னது, புருஷன் தன்னை அடிக்கிறான் என்பது. மகள் அதை மறைத்துவிடுகிறாள். இரண்டாம் பிரதியில் இன்னும் சாமர்த்தியமாகச் செய்திருந்தேன். மகளை ஊருக்கு அழைத்துப் போய் அண்ணன் மகனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடாகியிருக்கிறது, அந்தக் கவலையில் தூக்கமில்லை என்கிறாள் தாய். தன்னைப் பற்றிய தீர்ப்பை மகளே மொழிபெயர்க்க வேண்டும். தூக்கமில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுகிறாள். இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்ததே அதைக் கிழித்துப் போடப் போதுமான காரணம். கிழிக்கவில்லை.

பிராட்ஃபோர்டிலேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவருக்கு அந்தக் கதையை வாயால் சொன்னேன். அவருடைய பெற்றோர் மீர்ப்பூரிலிருந்து வந்தவர்கள். மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் பெண் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லையே, ஏன்?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒன்பது வயதிலிருந்து அம்மாவுடன் மருத்துவரிடம், அப்பாவுடன் வேலையில்லாதோர் உதவி அலுவலகத்துக்கு, சித்தியுடன் நகராட்சிக்கு என்று போய்க்கொண்டிருந்தவர் அவர். பெரியவர்கள் பேசியதில் பாதியை அவர் விட்டதற்குக் காரணங்கள் மூன்று. சலிப்பு. நண்பர்கள் பந்தோடு வெளியே காத்திருந்தது. மூன்றாவது, வார்த்தை தெரியாதது. அம்மாவின் உடம்பில் சில இடங்களுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரியாது. அம்மா அவற்றுக்குச் சொன்ன பெயரும் தெரியாது. வயிறு என்று சொல்லிவிடுவாராம். பல வருஷங்கள் அவருடைய அம்மாவுக்கு என்ன நோவு வந்தாலும் அது வயிற்றில்தான் வந்தது.

நான் இரண்டு பிரதிகளிலும் இந்தச் சலிப்பை யோசிக்கவே இல்லை. எங்கிருந்து வந்தன அந்த அடிக்கும் புருஷனும் கட்டாயக் கல்யாணமும்? பத்திரிகைகளிலிருந்து. அவை பொய் என்று சொல்லவரவில்லை. கட்டாயக் கல்யாணங்களுக்கென்று பிரிட்டிஷ் அரசு 2005ல் ஒரு தனிப்பிரிவே அமைத்தது, 2014ல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் செய்வதில்லை. ஆனால் அந்த மருந்துக்கடையில் நான் நுழைவதற்கு முன்பே அந்த இரண்டு கதைகளும் எனக்காகத் தயாராகக் காத்திருந்தன. ஒரு பெண்ணின் கை முழங்காலிலிருந்து மார்புக்குப் போனதைப் பார்த்தேன். போய்ச் சேர்ந்த இடமோ யாரோ ஏற்கெனவே போட்டுவைத்திருந்த நாற்காலி. நேரில் பார்த்தது வீண்.

நான் பேசிக்கொண்டிருக்கும் பொருளின் பெயரே இந்த நாற்காலிகளில் ஒன்று. 'குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள்' என்று எழுதுகிறோம். பிள்ளைகள் எங்கும் குடியேறவில்லை, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். முஸ்லிம் என்பதும் அவர்கள்மீது வெளியிலிருந்து முதலில் வைக்கப்பட்ட பெயர் அல்ல. தெருவில் வசையாக விழுந்தது நாட்டுப் பெயரின் சுருக்கம். 1970களின் இறுதியில் பிராட்ஃபோர்டில் இளைஞர்கள் தாங்களாகத் திரண்டபோது வைத்துக்கொண்ட பெயர் ஆசிய இளைஞர் இயக்கம். அரசியலில் தங்களைக் கறுப்பர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் சீக்கியரும் இந்துக்களும் இருந்தார்கள். 1981ல் பெட்ரோல் குண்டு வைத்திருந்ததாகப் பன்னிரண்டு பேர் கைதானார்கள். இனவெறியர்களின் தாக்குதலிலிருந்து தங்கள் மக்களைக் காக்கவே செய்தோம் என்று வாதாடி 1982ல் லீட்ஸ் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அந்த வழக்கில் மதம் ஒரு பேச்சே இல்லை. 1989 ஜனவரி 14 அன்று அதே ஊரில் சல்மான் ருஷ்டியின் நாவலை எரித்தார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. பெயர் மாறிய நாள் அதுதான் என்று தேதி குறித்துவிட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பையன் ஒருவன் கதைக்குள் நுழைந்தால் கையில் புத்தகம் இருக்கிறதா தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் பார்த்த பெண் நின்றது 1987ல். நான் எழுத உட்கார்ந்தது 1990களில். பின்னால் வந்த பெயரை முன்னால் நின்றவளின் சீருடைமேல் குத்திவிட்டு, அதையே அவளுடைய உள்ளம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஹனிஃப் குரேஷியின் 'மை சன் த ஃபெனடிக்' 1994ல் நியூயார்க்கரில் வந்தது. இந்தப் பொருளில் எழுத நினைக்கும் எவனும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். டாக்சி ஓட்டும் பர்வேஸ் தன் மகனின் அறை காலியாகிக்கொண்டே வருவதைக் கவனிக்கிறான். துணிகள், ஒளிநாடாக்கள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. போதைப் பழக்கமோ என்று பயப்படுகிறான். கடைசியில் தெரிவது, மகன் தொழுகிறான். பன்றி இறைச்சியும் விஸ்கியுமாகத் தன் இங்கிலாந்தைக் கட்டிக்கொண்ட தகப்பன் மகனை அடிக்கிறான். அடிபட்டவன் வெறியன் என்ற பெயரைத் தகப்பன் பக்கமே திருப்பி வைக்கிறான். கதை தகப்பனின் தோளைவிட்டு ஒரு கணம்கூட நகர்வதில்லை. அதன் பலம் அது. மகன் பேசும்போது துண்டுப் பிரசுரம் பேசுகிறான், அது பலவீனம். தகப்பனின் காதில் வேறெதுவும் விழாது என்று சமாதானம் சொல்லலாம், ஓரளவு ஏற்கவும் செய்வேன். அறை காலியாகிக்கொண்டே வருவதைப் பார்த்து நிற்கும் தகப்பனுக்குள் குரேஷி போயிருக்கிறார். காலி செய்கிறவனுக்குள் போகவில்லை, போனதாகப் பாவனையும் செய்யவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு இந்த அடக்கம் வாய்க்கவில்லை. வரிசையாக மகனுக்குள் புகுந்தார்கள். உள்ளே அந்தத் துண்டுப் பிரசுரத்தைத்தான் கண்டார்கள்.

தாரிக் மெஹ்மூத் கைதான பன்னிருவரில் ஒருவர். அவருடைய 'ஹேண்ட் ஆன் த சன்' என்ற நாவல் 1983ல் வெளிவந்தது. கலை என்ற அளவில் குரேஷியின் பக்கத்தில் வைக்க முடியாது; கோபம் பல இடங்களில் வாக்கியத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் அதில் வரும் பையன்கள் யாருக்கும் விடுகதை இல்லை. யாரும் அவர்களை அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளியிலும் தெருவிலும் என்ன நடக்கிறதோ அதற்கு அவர்கள் பதில் செய்கிறார்கள். நம் விமர்சனம் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. உள்ளிருந்து எழுதினால் உண்மை, வெளியிலிருந்து எழுதினால் திருட்டு என்று ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறோம். குரேஷியே பாதி வெளியாள். தாய் ஆங்கிலேயர், வளர்ந்தது லண்டன் புறநகரில், பிராட்ஃபோர்டுக்கு வந்து பார்த்து 1986ல் ஒரு கட்டுரை எழுதியவர். எங்கே நிற்கிறோம் என்பதைவிட, அங்கே நின்றுகொண்டு பாத்திரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

மூன்றாம் பிரதியில் நான் மௌனத்துக்குப் போனேன். நம் வட்டத்தில் இது எல்லோரும் செய்வதுதான். எது தெரியவில்லையோ அதைச் சொல்லாமல் விட்டால் ஆழம் என்று பெயர் கிடைக்கும். தாய் பேசினாள், மகள் நான்கைந்து வார்த்தை சொன்னாள், வெளியே பனி, கதை முடிந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள். பாராட்டு வந்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. எழுதுகிறவன் தனக்குத் தெரிந்ததை விடலாம், விட்டது கதைக்குக் கனம் சேர்க்கும், தெரியாததால் விட்டால் அந்த இடம் வெறும் பொந்து என்று ஹெமிங்வே 1932லேயே எச்சரித்திருக்கிறார். அந்தப் பெண் தெரிந்து விட்டாள். நான் தெரியாமல் விட்டேன். இரண்டு பேரும் சொன்னது நான்கைந்து வார்த்தைதான் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அவளுடைய மௌனத்தை நான் இரவல் வாங்கி என்னுடையதாகக் காட்டிக்கொண்டேன்.

ஆகவே தெரிந்துகொள்ள முயன்றேன். மிகத் தாமதமாக.

ஜீலம் நதியில் மங்களா அணை 1967ல் முடிந்தது. மீர்ப்பூர் பழைய நகரமும் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான கிராமங்களும் நீருக்குள் போயின. லட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள். அந்தப் பக்கத்து ஆண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவர்கள், வழி தெரியும். இழப்பீட்டுப் பணத்தோடும் வேலை அனுமதிச் சீட்டோடும் மேலும் பலர் கிளம்பினார்கள். பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைகளில் இரவு ஷிப்டு அவர்களுடையது. பகலில் வெள்ளைக்காரப் பெண்கள் ஓட்டிய இயந்திரத்தை இரவில் இவர்கள் ஓட்டினார்கள். ஒரே வீட்டில் பல பேர். சில வருஷத்தில் திரும்பிவிடுவோம் என்று நம்பினார்கள். முஹம்மத் அன்வர் 1979ல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு வைத்த பெயரே திரும்பிப் போதல் என்னும் கட்டுக்கதை. 1962ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே வர முடியாதோ என்ற பயத்தில், வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் தங்கிவிட்டார்கள், பிறகு மனைவி மக்களை அழைத்தார்கள். தடுக்க வந்த சட்டமே குடியமர்த்தியது. 1970களிலும் 80களிலும் ஆலைகள் மூடின. இரவு ஷிப்டுக்காரன் டாக்சி ஓட்டினான், அல்லது வீட்டில் உட்கார்ந்தான்.

அணையில் நீர் வற்றும் மாதங்களில் பழைய மீர்ப்பூரின் கோயிலும் தர்காவும் சுவர்களும் வெளியே தெரியுமாம். மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம். இதைப் படித்தபோது அந்தத் தாயின் கை தெருப்பக்கம் எதைக் காட்டியது என்று தெரிந்துவிட்டது போல ஒரு கிளர்ச்சி. உடனே அதை அடக்கிக்கொண்டேன். தெருப்பக்கம் பஸ் நிறுத்தம் இருந்தது. அவள் பஸ்ஸைக் காட்டியிருக்கலாம். நாற்காலி பத்திரிகையிலிருந்து வந்தால்தான் நாற்காலியா என்ன? சரித்திரப் புத்தகத்திலிருந்தும் வரும்.

மொழி விஷயம் இன்னும் சிக்கல். அவர்கள் வீட்டில் பேசுவது பஹாரி, பொத்வாரி என்றெல்லாம் பெயருள்ள மொழி. நிலைபெற்ற எழுத்து வழக்கு அதற்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி என்று கற்றுக்கொடுத்தது உருது. மாலையில் மதரஸாவில் ஓதியது அரபு, அர்த்தம் தெரியாமல். மீதி நாள் முழுக்க ஆங்கிலம், அதுவும் யார்க்ஷயர் ஆங்கிலம். தாய்க்கு உருதுவே அன்னியம். பாகிஸ்தானி மருத்துவர் கிடைத்தாலும், அவர் படித்தவர்களின் உருதுவில் கேட்டால் அவள் வாயடைத்துப்போவாள். ஆக, நான்கு மொழிகளுக்கு நடுவே அந்தப் பெண் நிற்கிறாள். தாயின் மொழி அவளுக்குக் காதில் மட்டும் இருக்கிறது. அதில் அவள் ஒரு வார்த்தைகூட எழுதிப் பார்த்ததில்லை. இரண்டு கலாசாரங்களுக்கு இடையில் தவிப்பு என்று எளிதாக எழுதிவிடுகிறோமே, இந்த எண்ணிக்கையே தப்பு.

என்னை அதிகம் உலுக்கியது வேறு. மனைவி மக்களை வரவழைக்க இஸ்லாமாபாத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் நேர்காணலுக்குப் போக வேண்டும். வருஷக்கணக்கில் காத்திருப்பு. கணவன் சொன்னது, மனைவி சொன்னது, பிள்ளைகள் சொன்னது எல்லாம் தனித்தனியே எழுதப்பட்டு ஒப்பிடப்படும். கல்யாணம் எந்த நாள், யார் யார் வந்தார்கள், வீட்டில் எத்தனை அறை. பதில்கள் பொருந்தாவிட்டால் உறவே பொய் என்று மறுப்பு. பிள்ளைகளின் வயதைக் கண்டுபிடிக்க எலும்பை எக்ஸ்ரே எடுத்த காலமும் இருந்தது. 1980களின் பிற்பாதியில் மரபணுச் சோதனை வந்தபோது, பொய் என்று மறுக்கப்பட்ட உறவுகளில் பல உண்மை என்று தெரிந்தது. இப்படி உள்ளே வந்த குடும்பத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கேள்வி கேட்டால் எத்தனை வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாமலே தெரியும். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் அது எங்கே போய் எதோடு ஒப்பிடப்படும் என்று யாருக்குத் தெரியும்?

இதைப் படித்தபோது என் பிரதிகளில் நான் உட்கார்ந்திருந்த இடம் எனக்குத் தெரிந்தது. தாய் சொன்னது இது, மகள் சொன்னது இது, பொருந்தவில்லை, ஆகவே உள்ளே ஒளித்துவைத்தது என்ன? கதைசொல்லி கேட்ட கேள்வியும் நேர்காணல் அதிகாரி கேட்ட கேள்வியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கதை என்ற வடிவத்திலேயே இந்தக் குணம் இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு இப்போது உண்டு. பொருந்தாமை தென்பட்டால் நாக்கில் ஊறுகிறது. நம்மிடம் வந்து மாட்டிக்கொள்ளும் பாத்திரம் எந்த வரிசையில் எத்தனை வருஷம் நின்றுவிட்டு வந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

இதற்குப் பரிகாரம் பாத்திரத்தை நல்லவளாக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். கெட்ட பத்திரிகைச் செய்திகளுக்கு எதிர்வினையாக அப்படி ஏராளமாக எழுதப்பட்டாயிற்று. பண்பான தகப்பன், படிப்பில் கெட்டிக்காரப் பெண், கடைசியில் அண்டைவீட்டு வெள்ளைக்காரக் கிழவிக்கு ஒரு தட்டு பிரியாணி. ஜேம்ஸ் பால்ட்வின் எதிர்ப்பு நாவலைப் பற்றி 1949ல் எழுதியபோது எதைக் கண்டு எரிந்தாரோ, அதேதான் இது, இனிப்புத் தடவியது. இங்கேயும் அந்தப் பெண் சாட்சிதான். வாதி தரப்புக்குப் பதில் பிரதிவாதி தரப்பு அழைத்த சாட்சி.

அந்த நண்பர் இன்னொரு நாள் சொன்னது எனக்கு வழிகாட்டியது. பள்ளியில் பெற்றோரை அழைத்துப் பேசும் மாலை. அம்மாவும் அவரும் ஆசிரியைக்கு எதிரில். பையன் வகுப்பில் கவனிப்பதில்லை, வீட்டுப்பாடம் செய்வதில்லை, இப்படியே போனால் தேறமாட்டான் என்கிறார் ஆசிரியை. மொழிபெயர்ப்பாளர் அவர்தான். நன்றாகப் படிக்கிறான், இன்னும் கொஞ்சம் முயன்றால் மேலே வருவான் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள், அவருடைய பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நெடுநேரம் துஆ செய்தாள். அதையும் அவர்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "என்னைக் கண்டிப்பதாகச் சொல்கிறாள் என்று சொன்னேன்" என்றார். சிரித்தார். அவருக்கு ஐம்பது வயதாகப்போகிறது. சிரித்து முடித்தபிறகு, அம்மா இறக்கும்வரை இதை அவளிடம் சொல்லவில்லை என்றார்.

இது எந்தக் கலாசாரத்தின் பொய்? எந்த மதத்தின் பொய்? ஒரு பையன் அம்மாவிடம் சொன்ன பொய், அவ்வளவுதான். ஆனால் சாதாரணப் பையனுக்குக் கிடைக்காத ஓர் அதிகாரம் அந்தப் பொய்யின் பின்னால் இருக்கிறது. தகப்பன் சொல்லே சட்டம் என்று அந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறோம். அந்தத் தகப்பன் பெயருக்கு வரும் மின்கட்டணக் கடிதத்தை அவனுக்குப் படித்துச் சொல்வது யார்? ஆலையில் வேலை போன கடிதத்தை? ஊரிலிருந்து வந்த வழக்கைத் தவிர மற்ற எல்லாக் காகிதமும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் அவனுக்குள் போகிறது. அடங்கி நடக்க வேண்டிய பிள்ளைதான் அந்த வீட்டின் வாசற்காவலும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிக்க அந்த வயதுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அவள் சுதந்திரமாக இருக்கிறாளா இல்லையா என்பது. கேட்டிருக்க வேண்டியது, தன் கையில் இருந்த அதிகாரத்தை வைத்து அவள் என்ன செய்தாள் என்பது. முதல் கேள்வியில் அவள்மீது ஏதோ நடக்கிறது. இரண்டாவதில் அவள் நடத்துகிறாள், அதனால் தவறும் செய்யலாம். தாயின் பேச்சு முக்கியமில்லை என்று அவள் தீர்மானித்தது சலிப்பினால் இருக்கலாம், கூச்சத்தினால் இருக்கலாம், கொடூரத்தினால்கூட இருக்கலாம். பதினான்கு வயதில் தாயின் புலம்பலை ஊரறியக் கேட்டுக்கொண்டு நிற்பது போல் வெறுப்பூட்டும் காரியம் வேறில்லை. அந்தக் கொடூரம் அவளுடையதாக இருக்க வேண்டும். அதைக்கூட அவளிடமிருந்து பிடுங்கி அவள் சமூகத்தின் கணக்கில் எழுதினால் அவளுக்கென்று என்ன மிஞ்சும்?

சொல்வது சுலபம். ஒரு வெள்ளைக்காரப் பையன் கதையில் பொய் சொன்னால் வாசகன் அவனைப் பொய்யன் என்கிறான். இந்தப் பெண் பொய் சொன்னால், இவர்கள் இப்படித்தான் என்கிறான். அங்கே மட்டுமல்ல, இங்கேயும் வாசகர்கள் வெறுந்தாளாக வருவதில்லை. அப்படியிருக்க, அவள் தவறு அவளுடையதாக மட்டும் படிக்கப்பட என்ன உத்திரவாதம்? எந்த உத்திரவாதமும் கிடையாது என்பதே என் பதில். வாசகனின் புத்திக்குப் பயந்து அவளைத் தவறே செய்யாதவளாக்கினால் நானும் நண்பரைப் போல ஆசிரியையின் வார்த்தையை மாற்றிச் சொல்கிறவன்தான். அவராவது பன்னிரண்டு வயதில் செய்தார்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு தனி இடைஞ்சல் வந்தது. அந்தப் பெண் தாயை என்னவென்று கூப்பிடுவாள்? அம்மி என்பாள். அப்படியே எழுதினால் நம் வாசகனுக்கு அம்மிக்கல் ஞாபகம் வரும். உம்மா என்று எழுதினால் காயல்பட்டினம் ஆகிவிடும். அம்மா என்றால் யார் வீடு என்றே தெரியாது. யார் வீடு என்று ஏன் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அடையாளம் காட்ட வேண்டிய அவசரம் யாருடையது? கடைசியில் அம்மா என்றே எழுதினேன். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே போட்டால் எந்த வாக்கியத்தையும் நிறுத்தி வாசகனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வசதி ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இல்லை. அவன் அடுத்த வரியில் அர்த்தம் சொல்ல வேண்டும், சொன்ன கணமே அவன் பாத்திரத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வாசகனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான்.

இன்னொன்றும் நடந்தது, நான் திட்டமிடாதது. தமிழில் எழுதும்போது பஹாரியும் தமிழாகிறது, ஆங்கிலமும் தமிழாகிறது. இரண்டில் எதை வீட்டுத் தமிழாக எழுதுவது என்பது என் கையில் இருக்கிறது. தாயின் பேச்சுக்கு அதைக் கொடுத்தேன். கடைக்காரர் பேசுவதை, மருந்துப் பெட்டியில் அச்சடித்தது போல, ஏடுகளின் தமிழில் வைத்தேன். இப்போது கடைக்காரருக்கு விளங்காதது வாசகனுக்கு விளங்குகிறது. தாய் சொன்னதை அவனும் முழுவதாகக் கேட்டாயிற்று. இனி மகள் திரும்பி என்ன சொன்னாலும் அவன் அதிகாரியின் மேஜைக்குப் பின்னால் உட்கார முடியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும், அவளைப் போலவே அவனும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

தாயின் பேச்சு இப்போது ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. முழங்கால் வலியில் தொடங்குகிறது. மாடிப்படி, குழாயில் உறைந்த தண்ணீர், வேலை போன பிறகும் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்கும் புருஷன், ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் ஒலிநாடா, முன்பு கொடுத்த வெள்ளை மாத்திரை கொஞ்சம் கேட்டது, இந்த மஞ்சள் மாத்திரை கேட்கவில்லை. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் மகளைப் பற்றி ஒரு வரி வருகிறது. இவள் இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் ஊமை என்கிறாள். அதை எடுத்துவிடலாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் அழகாக இருக்கிறது. கடைக்காரர் காத்திருக்கிறார். வெளியே பஸ் வந்து நின்றிருக்கிறது, தோழிகள் இரண்டு பேர் அதில் ஏறுகிறார்கள், மகள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் சொல்லப்போகும் நான்கைந்து வார்த்தையை இன்னும் எழுதவில்லை.